சரி முருகையாவும் தும்பைப் பூவும்

எங்கள் தோட்டத்தில் ஒருத்தி உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தி முதலில் தெரிவது அவள் கொழுந்து பறிக்கும் நிரையில்தான். புருஷனுக்குக்கூட அதற்குப் பிறகுதான் தெரியும்.

மலைச் சரிவில் தேயிலை நிரைகளுக்குக் குறுக்கே மழைத் தண்ணீர் ஓடுவதற்குக் கான் வெட்டியிருக்கும். கூடையை முதுகில் போட்டுக்கொண்டு அந்தக் கானைத் தாண்டித்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். சும்மா இருக்கிறவளுக்கே அது ஒரு தாவல். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கேட்கவே வேண்டாம். அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் ஒருத்தியின் நிரையில் மட்டும் கானுக்கு மேலே பலகை மாதிரி ஒரு கல் கிடக்கும். ஆடாது, வழுக்காது. யார் வைத்தது என்று தெரியாது. பார்த்தவர்கள் "அவளுக்குக் கல்லு விழுந்திருச்சு" என்று சொல்லுவார்கள். அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் சேதி நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயம் முழுக்கப் போய்விடும்.

என் மூத்த மகள் வயிற்றில் இருந்தபோது நான் யாருக்கும் சொல்லவில்லை. கொஞ்சம் நாள் போகட்டும் என்று இருந்தேன். கல் விழுந்துவிட்டது. அன்று பின்னேரம் என் வீட்டுக்காரர் அடுப்படியில் வந்து நின்று, "ஒன் நெரையில கல்லு கெடக்காமே?" என்று கேட்டார். நான் தேங்காயைத் துருவிக்கொண்டே தலையை ஆட்டினேன். நாங்கள் அந்தச் சந்தோஷத்தைப் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

ஒரு தடவை நாற்பத்தாறு வயதான ஓர் அம்மாவின் நிரையில் கல் விழுந்தது. அவருடைய மூத்த மகனுக்கு அப்போதே கல்யாணம் முடிந்திருந்தது. அந்த அம்மா அன்று முழுக்கக் கல்லை வைத்தவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசினார். இரண்டு மாதம் கழித்துப் பேச்சை நிறுத்திக்கொண்டார். கல் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

ஒரு நாள் விடிகாலையில் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற ரெட்டுச் சாக்கை மறந்து விட்டுவிட்டு வந்து, அதை எடுக்க நான் மலைக்குப் போனபோதுதான் ஆளைப் பார்த்தேன். முருகையா அண்ணன் தலையில் சும்மாடு கட்டி ஒரு கல்லைச் சுமந்துகொண்டு மேலேறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திருட்டுப் பொருளோடு பிடிபட்ட மாதிரி நின்றுவிட்டார். பிறகு, "சரி சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். செய்கிறவர் சொல்லாததை நாம் சொன்னால் பாவம் என்று நானும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அவருக்கு எப்படித் தெரியும் என்பதை நானாக யோசித்துக் கண்டுபிடித்தேன். அவர் புல் வெட்டுகிற ஆள். சுரண்டியை வைத்துக்கொண்டு மேலே நிற்பார். கீழே பறிக்கிற நாற்பது பேரும் கானைத் தாண்டுவது அவருக்குத் தெரியும். உண்டானவள் மட்டும் தாண்டுவதற்கு முன் ஒரு மூச்சு நிற்பாள். அவளுக்கே தெரியாமல் நிற்பாள். அதை அவர் பார்ப்பார். அவருடைய சம்சாரம் வெகு காலத்துக்கு முந்தி ஏழாம் மாதத்தில் ஒரு மழை நாளில் கானில் விழுந்ததும், அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை தங்காததும் தோட்டத்தில் வயதானவர்களுக்குத் தெரியும். அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இவர் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை.

வாயைத் திறந்தால் அவர் சொல்லுவது ஒரே சொல்தான். "சரி." அதனால் எங்கள் பக்கம் அவருக்குச் 'சரி முருகையா' என்றே பேர். தொழிற்சங்கம் இரண்டும் அவரைத் தங்கள் பக்கம் கூப்பிட்டன. இரண்டு தலைவர்மாருக்கும் சரி என்றார். மே தினத்துக்கு இரண்டு பஸ் வந்தது. முன் பஸ்ஸில் கையைக் காட்டிவிட்டு, பின் பஸ்ஸிலும் கையைக் காட்டிவிட்டு, கோயிலுக்குப் பூப் பறிக்கப் போய்விட்டார். ஒரே நாளில் இரண்டு கல்யாண வீட்டுக்கு விறகு பிளக்கச் சரி என்று சொல்லி, ராத்திரியெல்லாம் மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் கோடாலியோடு நடந்தார். அவர் சரி என்றால் நீ சொன்னது என் காதில் விழுந்தது என்று பொருள். நீ சொன்ன மாதிரியே செய்வேன் என்பதெல்லாம் அதில் வராது. இது விளங்காமல் ஏமாந்தவர்கள் எங்கள் தோட்டத்தில் நிறையப் பேர். அதில் முதல் ஆள் கணக்கப்பிள்ளை.

இனி என் தங்கை ஜீவராணி கதைக்கு வருகிறேன். இரண்டும் ஒன்றுதான்.

ஜீவராணி கல்யாணம் முடித்து எட்டு வருடம் பிள்ளை இல்லை. இரண்டு தடவை உண்டாகி மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. புருஷன் ஜெயரூபன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான், நல்ல பையன், மாதம் ஒரு தடவை வருவான். மூன்றாம் தடவை உண்டானபோது இவள் அவனுக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடும் என்று பயம். கோயிலில் மாரியாத்தாளுக்கு மட்டும் சொல்லிவிட்டு மலைக்குப் போய் வந்தாள்.

கல் விழுந்துவிட்டது.

பக்கத்து நிரையில் நின்ற நான் பார்த்தேன். அவள் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் கால் வைத்தாள், கோயில் படியில் வைக்கிற மாதிரி.

அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கொத்துத் தும்பை முளைத்திருந்தது. தும்பை எல்லாருக்கும் தெரியும். முழங்கால் உயரம்கூட வராத பூண்டு. வெள்ளை வெளேர் என்று பொடிப் பூ. பூவைப் பிடுங்கி அடியில் உறிஞ்சினால் நாக்கில் ஊசி முனை அளவுக்குத் தேன் படும். தேயிலைத் தோட்டத்தில் அதற்கு மரியாதை கிடையாது. புல்லோடு புல்லாகச் சுரண்டித் தள்ள வேண்டியது. ஆனால் அந்த மலையையே மொட்டையாக வழித்துப்போட்ட முருகையா அண்ணன் அந்த ஒரு கொத்தை மட்டும் தொடவில்லை. கணக்கப்பிள்ளை வந்து, "என்னா முருகையா, இது மட்டும் ஒனக்குச் சொந்தக்காரனா?" என்று கேட்டார். "சரிங்க" என்றார் இவர். மறு கிழமையும் கேட்டார். "சரிங்க." மூன்றாம் கிழமை கணக்கப்பிள்ளை கேட்காமலே போய்விட்டார்.

ஜீவராணிக்கு அந்தத் தடவை பொல்லாத வாந்தி. தண்ணீர்கூட வயிற்றில் நிற்காது. நிரை ஓரத்தில் உட்கார்ந்து தும்பைப் பூவை ஒவ்வொன்றாகப் பிடுங்கி உறிஞ்சிக்கொண்டிருப்பாள். அது மட்டும் நின்றது. நான் திட்டுவேன், ஒரு படி சோறு தின்ன வேண்டிய நேரத்தில் பூவை உறிஞ்சுகிறாயே, நீ என்ன தேனீயா என்று. அவள் சிரிப்பாள்.

கல் விழுந்த சேதி கேட்ட அன்றைக்கே கீழ் லயத்திலிருந்து பெரியாயி மதினி ஓடிவந்துவிட்டார். ஜெயரூபனுடைய அக்கா. தாய் தகப்பன் இல்லாத தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு கொழுந்து பறித்து வளர்த்தவர். பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் பேசினால் அடுத்த தோட்டத்துக்குக் கேட்கும். பீலியில் தண்ணீர் பிடிக்க அவர் வரிசையில் நின்றால் மற்றவர்கள் தாங்களாகவே வழி விடுவார்கள். அன்று வந்ததிலிருந்து பிள்ளை பிறக்கிற வரைக்கும் ஜீவராணி எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் என்பதைக்கூட அவர்தான் சொன்னார்.

ஆத்தாள் புண்ணியத்தில் பதுளை ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. மூன்று கிலோ. பிறந்தவுடனே போட்ட சத்தத்தைக் கேட்டு அத்தையைப் போலவே இருக்கிறது என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் பேர்ச் சண்டை.

ஜெயரூபன் கொழும்பிலிருந்து பேரோடு வந்திருந்தான். ஃபோனில் தேடி எடுத்ததாம். ஜெஜீரிஷா. ஜெயரூபனில் ஒரு துண்டு, ஜீவராணியில் ஒரு துண்டு, மிச்சம் ஃபோனில் இருந்தது. என்ன பொருள் என்று கேட்டதற்கு ஒரு இடத்தில் தேவதை என்று போட்டிருக்கிறது, இன்னொரு இடத்தில் ஏதோ நாட்டு ஆறு என்று போட்டிருக்கிறது என்றான். பெரியாயி மதினி இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். வாயில் ஏறவில்லை.

"என்னடா இது, கொழுந்து லொறி மேட்டுல ஸ்டார்ட் ஆகுற மாதிரி இருக்கு" என்றார். "எங்க அம்மா பேர வையி. பேச்சியம்மா."

"அக்கா, பள்ளிக்கூடத்துல பேச்சியம்மான்னு கூப்பிட்டா பிள்ள மேசைக்கடியில போய் ஒளிஞ்சுக்கும்."

"எங்க அம்மா எந்த மேசைக்கடியிலடா ஒளிஞ்சுச்சு?"

பத்து நாள் இப்படிப் போனது. லயத்தில் பாதிப் பேர் அக்கா பக்கம், பாதிப் பேர் தம்பி பக்கம். அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதை நிறுத்தி, பிள்ளையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். "ஒங்க அப்பனுக்குச் சொல்லு பேச்சி" என்பார் இவர். "அத்தைக்குச் சோறு போடச் சொல்லு ஜெஜீ" என்பான் அவன். பிள்ளை இரண்டு பேருக்கும் பொதுவாக அழும்.

ஒரு நாள் ஜீவராணி என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "எட்டு வருசம் ஏங்குனது நானு. வாந்தி எடுத்தது நானு. எனக்கு என்ன பேர் வேணும்னு ஒருத்தரு கேக்கலக்கா."

பொறுத்துக்கோ, பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். அப்போதாவது, சரி உனக்கு என்ன பேர் வேண்டும் என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைசியில் பூக் கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. முப்பத்தோராம் நாள் வெள்ளிக்கிழமை, தீட்டுக் கழித்து, எங்கள் மாரியம்மன் கோயிலில். எங்கள் வழக்கம் இதுதான். ஒரு பேருக்குச் சிவப்புப் பூ, ஒரு பேருக்கு வெள்ளைப் பூ. தனித்தனியாக வாழையிலையில் வைத்து நாரால் கட்டி ஆத்தாள் காலடியில் போடுவது. சின்னப் பிள்ளை ஒன்று ஒரு பொட்டலத்தை எடுக்கும். எந்தப் பூ வருகிறதோ அந்தப் பேர். எந்த நிறம் யாருக்கு என்பதைப் பொட்டலம் கட்டுகிறவர் காதில் மட்டும் சொல்ல வேண்டும். சபையில் சொன்னால் ஆத்தாளுக்கே வழி காட்டுகிற மாதிரி ஆகிவிடும். கட்டுகிறவர் பல வருடமாக முருகையா அண்ணன்தான். கோயிலுக்குப் பூக் கொண்டுவருவது அவர், நார் உரிப்பது அவர், வாயைத் திறக்காதவரும் அவர். அதைவிடப் பொருத்தமான ஆள் உண்டா?

வெள்ளிக்கிழமை கோயில் நிறையக் கூட்டம். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவில் இருந்து நாலு வயதுப் பிள்ளை ஒன்றைத் தூக்கிவந்தார்கள். அது பொங்கல் தட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு பொட்டலத்தை எடுத்துப் பூசாரி கையில் கொடுத்தது. பூசாரி நாரை அவிழ்த்தார். உள்ளே ஒரு பிடித் தும்பைப் பூ.

வெள்ளை.

பெரியாயி மதினி குலவை போட்டார். கோயில் மணி அடிக்கிறதா குலவையா என்று தெரியாத அளவுக்குப் போட்டார். அதே நேரத்தில் ஜெயரூபன் ஃபோனைத் தூக்கிப் பூவைப் படம் எடுத்து, "ஜெஜீரிஷா" என்று சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தான். அக்கா குலவையை நிறுத்தினார். தம்பி கையை இழுத்துக்கொண்டான்.

வெள்ளை தனக்குத்தான் என்றார் அக்கா. வெள்ளை தனக்கு, தான் முருகையா அண்ணனிடம் நேற்றே சொல்லிவிட்டேன் என்றான் தம்பி. தான் முந்தாநாளே சொல்லிவிட்டதாக அக்கா சொன்னார். விஷயம் என்னவென்றால், ஆத்தாள் வெள்ளையைத்தான் கொடுப்பாள் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் போய் வெள்ளையைக் கேட்டிருக்கிறார்கள்.

எல்லாரும் முருகையா அண்ணனைப் பார்த்தோம். அவர் தூணுக்குப் பின்னால் நின்று ஒரு வாழை நாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வெள்ள யாருக்குண்ணே?" என்று கேட்டார் பூசாரி.

"ரெண்டு பேரும் வெள்ளன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

பூசாரி குனிந்து மற்றப் பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தார். அதிலும் ஒரு பிடித் தும்பைப் பூ.

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. ஆத்தாள் சன்னதி என்றுகூடப் பார்க்காமல் எல்லாரும் சிரித்தார்கள். பூசாரி திரும்பி நின்று தீபத்தைத் தூண்டுகிற மாதிரி சிரித்தார். சிரிக்காத ஆள் மூன்று பேர். அக்கா, தம்பி, முருகையா அண்ணன்.

"யோவ், ஒன்ன நம்பிச் சொன்னா ஆத்தா முன்னாடி இப்பிடிப் பொய்க் கட்டுக் கட்டிட்டியே" என்று ஆரம்பித்தார் பெரியாயி மதினி. அதற்குப் பிறகு சொன்னதை எழுத எனக்குக் கை வராது. தும்பை சிவனுக்கு ஆகிற பூ, மாரியம்மனுக்கு அதை எவன் வைத்தான் என்பதுவரைக்கும் போனது. பூசாரி குறுக்கே வந்து, புருஷனுக்கு ஆகிற பூ பெண்சாதிக்கு ஆகாதா என்று கேட்டு அந்த ஒன்றை மட்டும் அடக்கினார். முருகையா அண்ணன் எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். மறுபடியும் சிவப்பும் வெள்ளையும் வைத்துப் புதிதாகக் கட்டுவோம், வேறு ஆள் கட்டட்டும் என்று நாலு பேர் சொன்னார்கள்.

அப்போதுதான் ஜீவராணி பேசினாள். அந்த முப்பத்தொரு நாளில் அவள் சபையில் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு தரம் கேட்டா ஆத்தாளுக்குக் கோவம் வரும். அவ ரெண்டு கையிலயும் தும்பையத்தான் குடுத்திருக்கா. எம்பிள்ளைக்குத் தும்பைன்னே பேர் வைங்க."

ஜெயரூபன் ஏதோ சொல்ல வந்தான். அவள் பிள்ளையை மடியில் சரி செய்துகொண்டே சொன்னாள், வாந்தி எடுத்த மாதமெல்லாம் வயிற்றில் நின்றது அந்தப் பூவின் தேன் மட்டும்தான் என்று. பிள்ளை முதலில் சாப்பிட்டது அதைத்தான் என்று. அவன் ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவனுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் கொழும்பில் இருந்தான்.

பேரைப் பிள்ளையின் காதில் மூன்று தரம் சொல்ல வேண்டியது அத்தை. பெரியாயி மதினி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஜீவராணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்று, "மதினி, நீங்க சொல்லாம இதுக்குப் பேர் ஏறாது" என்றாள். பிள்ளை அத்தையின் மூக்குத்தியைப் பார்த்துக் கையை நீட்டியது. அவர் உதட்டைக் கோணிக்கொண்டு குனிந்தார். காதில் ஏதோ சொன்னார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். நிமிர்ந்தவர் மறுபடியும் குனிந்து நாலாவது தரமும் சொன்னார். அதில் ஒரு தரம் பேச்சியம்மா என்று சொல்லிவிட்டார் என்று லயத்தில் இன்றைக்கும் பேச்சு உண்டு. கேட்டால் சிரிப்பார். இல்லை என்று சொல்ல மாட்டார்.

பிறப்புப் பதிவு எழுத நானும் ஜீவராணியும் அக்காவும் தம்பியுமாகப் பிள்ளையோடு டவுனுக்குப் போனோம். அக்காவும் தம்பியும் பஸ்ஸில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். எழுதுகிற ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், சிவசுப்பிரமணியம் என்று பேர். கண்ணாடியை இறக்கி, என்ன பேர் என்று கேட்டார். ஜெயரூபன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஏதோ தப்பாகிவிட்டது என்று எனக்குப் பயம்.

"நல்ல வடிவான பேர் கண்டியளோ" என்றார். "நான் முப்பது வருசமா எழுதுறன். என்ர கையால இந்தப் பேர எழுதுறது இதுதான் முதல் தரம்."

பிறகு அவர் சொன்னதெல்லாம் எங்களுக்குப் புதிது. வெள்ளை என்றால் தும்பைப் பூ மாதிரி என்றுதான் தமிழில் சொல்லுவார்களாம். அது நாமும் சொல்லுவதுதான், சோற்றுக்கும் வேட்டிக்கும். அந்தக் காலத்து ராஜாக்கள் கடும் சண்டைக்குப் போகும்போது தும்பைப் பூவைத்தான் சூடிக்கொண்டு போவார்களாம். விலை இல்லாத பூ, தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாத பூ, சிவனுக்கு அதைவிடப் பிடித்தது இல்லை என்றார்.

பெரியாயி மதினி முன்னால் வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு, "சண்டைக்காங்க?" என்று கேட்டார்.

"ஓமம்மா. பெரிய சண்டைக்கு."

அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பேர் பிடித்துப்போனது. பீலியில் நின்று எல்லாருக்கும் சொன்னார், என் தம்பி மகள் பேர் ராஜாக்கள் சண்டைக்குச் சூடிக்கொண்டு போன பூ என்று. ஜெயரூபனுக்கு வேறு காரணம். ஃபோனில் அந்தப் பேரைத் தேடியிருக்கிறான். பூவும் கஷாயமும்தான் வந்ததாம், ஓர் ஆள்கூட வரவில்லையாம். உலகத்திலேயே என் பிள்ளைக்கு மட்டும்தான் இந்தப் பேர் என்று கொழும்புக் கடையில் எல்லாருக்கும் சொல்லித் திரிகிறான். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்கென்றால், கூப்பிடும்போது வாய் நோகாத பேர். மழைக்குள் நின்று கூப்பிட்டாலும் கேட்கிறது.

இப்போது தும்பைக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அந்த வகுப்பில் பேர் 'ஷா' என்று முடிகிற பிள்ளைகள் பதினொரு பேர். டீச்சர் யாரையாவது கூப்பிட்டால் மூன்று பேர் எழும்புகிறார்களாம். தும்பை என்றால் ஒரே ஆள்தான். அதனால் கணக்குக் கேட்டால் தப்பிக்கவும் முடியவில்லை என்று எங்களிடம் வந்து முறைப்பாடு சொல்லுகிறாள். கொழுந்து மலையில் ஒரு நாள் புதுக் கணக்கப்பிள்ளை தும்பையை எல்லாம் வேரோடு பிடுங்கச் சொல்லிச் சத்தம் போட, பக்கத்து நிரையில் இருந்த பெரியாயி மதினி கூடையை இறக்கி வைத்துவிட்டு அவரிடம் போனார். அந்தப் பக்கம் இப்போது தும்பை நன்றாக வளர்ந்திருக்கிறது.

இவ்வளவிலும் நட்டப்பட்ட ஆள் ஒருவர்தான். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கோயில் கமிட்டி கூடி, முருகையாவிடம் இனிப் பூக் கட்டக் கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தது. சாமி காரியத்தில் விளையாட்டு ஆகாது என்றார்கள். கலாராணியிடம் கொடுப்போம், அது கோயில் கூட்டுகிற பிள்ளை, பொய் சொல்லாது என்று என்னிடம் கொடுத்தார்கள். முருகையா அண்ணனிடம் போய்ச் சொன்னதற்கு, "சரி" என்றார். அதற்குப் பிறகும் வெள்ளி தவறாமல் பூப் பறித்துக்கொண்டு வந்து கோயில் படியில் இலை போட்டு மூடி வைத்துவிட்டுப் போவார். உள்ளே வந்து நாரைத் தொட மாட்டார்.

நான் நேர்மையாகத்தான் கட்டினேன். ஒரு பொட்டலத்தில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை. யாராவது வெள்ளையைக் கேட்டால், முந்திக் கேட்டவருக்குத்தான் என்று சொல்லிவிடுவேன். அப்படி ஆறு வருடத்தில் ஒன்பது பிள்ளைக்குக் கட்டினேன். ஒன்பது தடவையும் ஒரு பக்கத்தார் குலவை போட்டார்கள், ஒரு பக்கத்தார் சாப்பிடாமல் போனார்கள். பெற்றவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது ஏன் என் கண்ணில் படவில்லையோ, ஆத்தாளுக்குத்தான் தெரியும்.

போன வருடம் முருகையா அண்ணனுக்கு முடியாமல் போனது. மூச்சு வாங்கியது. ஹாலிஎலயில் இருக்கிற அவருடைய அண்ணன் மகன் விஜேந்திரன் வந்து கூட்டிக்கொண்டு போனான். அங்கே போய் ஆறாம் மாதம் சிவலோகம் சேர்ந்துவிட்டார். மழையால் பாதை அடைபட்டு, எங்களால் எடுப்புக்குக்கூடப் போக முடியவில்லை. ஆகவே நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அவர் தோட்டத்தை விட்டுப் போன காலையில்தான்.

சந்தியில் பஸ்ஸுக்கு நின்றோம். வழியனுப்ப நிறையப் பேர் வந்திருந்தார்கள். கல்யாணம் முடித்து எங்கள் மலைக்குப் புதிதாக வந்த மதுஷாகூட வந்திருந்தாள். பெரியாயி மதினி ஒரு பை நிறைய ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அவரோடு பேசினார். பேசினது, "பழசாப் போறதுக்குள்ள தின்னுரு" என்பதுதான். அவர் சரி என்றார். தும்பை ஒரு கைப்பிடித் தும்பைப் பூவைக் கொடுத்தாள். அவர் ஒன்றை எடுத்து உறிஞ்சிவிட்டு, மிச்சத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மற்றவர்கள் கொஞ்சம் தள்ளிப் போனபோது, ஆறு வருடமாக மனதில் இருந்ததை நான் கேட்டேன். "ஏண்ணே அன்னைக்கு ரெண்டு பேருக்கும் சரின்னீங்க? ஒருத்தருக்காவது முடியாதுன்னு சொல்லியிருந்தா ஒங்க கையிலதான இன்னும் பூ இருக்கும்?"

அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு அவர் சொன்ன அளவுக்கு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"யாரும் கேக்க வாறதுக்கு முந்தியே பீலிப் பக்கம் போனேன் தங்கச்சி. ஒங்க தங்கச்சி பிள்ளத் துணி அலசிக்கிட்டு இருந்துச்சு. ஒனக்கு என்ன பேரும்மா வேணும்னு கேட்டேன். அழுதுருச்சு. அழுது முடிச்சுத் தும்பைன்னுச்சு. அப்புறம் அவங்க ரெண்டு பேரும் வந்து வெள்ள கேட்டாங்க. எனக்கு வேல சுளுவாப் போச்சு." சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நீங்களும் யாரு வந்து எந்த நெறங் கேட்டாலும் சரின்னுருங்க. கட்டுறதுக்கு முந்தி பெத்தவகிட்ட மட்டும் ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துருங்க. ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா. அவளும் பெத்தவதான."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. விஜேந்திரன் அவரைத் தாங்கி ஏற்றி ஜன்னல் ஓரம் உட்கார வைத்தான். பஸ் உறுமியது. அவர் தலையை வெளியே நீட்டி என்னைக் கையால் பக்கத்தில் கூப்பிட்டார். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்தது மதுஷா" என்றார் மெதுவாக. "அஞ்சாம் நம்பர் மல, மேலருந்து மூணாவது நெர. நாளைக்கே ஒரு கல்லப் போட்டுருங்க. வீட்டுக்காரனுக்கு இன்னுந் தெரியாது, சத்தமில்லாமப் போடுங்க."